பந்தலுக்கு அடியில் நடக்கும் தவறுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வைத்திருப்பவரிடம் "தோட்டம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், நாள் கணக்கில்தான் பதில் வரும். இன்று முப்பதாம் நாள், இன்று எழுபதாம் நாள் என்பார். கவாத்துச் செய்த நாளிலிருந்து, அதாவது கொடியை வெட்டிவிட்ட நாளிலிருந்து, எண்ணுகிற கணக்கு அது. வெட்டி நாற்பது நாளையொட்டிப் பூ, நூற்றிருபது நாளையொட்டிப் பழம். இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல் எடுக்கிற ஊர் என்பதால் எங்களுக்கு ஆண்டு என்பதே இந்த எண்ணிக்கைதான். எங்கள் குடும்பத் தோட்டம் பட்ட நஷ்டங்களில் பெரும்பாலானவை, விலையைப் பார்த்து இந்தக் கணக்கை வளைக்கப் போனதால் வந்தவை.

சபரிமலைக்குப் போகிறவர்கள் குமுளிச் சாலையில் வரும் மாதங்களில் பழம் சாலையோரத்திலேயே விற்றுப்போகும். அந்த ஆசையில் அப்பா ஒருமுறை புரட்டாசி பிறந்ததும் கவாத்துச் செய்தார். முந்தைய மகசூலை நல்ல விலைக்காகக் கொடியிலேயே காக்க வைத்ததில் ஒரு மாதம் நழுவியிருந்தது. நாற்பதாம் நாள் எங்கே போய் விழுந்தது? நடு ஐப்பசியில். அடைமழையில் பூ கொட்டியது, மிஞ்சிய கொத்துகளில் அடிச்சாம்பல் நோய் ஏறியது. ஆவணி பிறந்தவுடன் வெட்டியிருந்தால் பூ மழைக்கு முந்தியிருக்கும், பழமும் மார்கழித் தொடக்கத்தில் கைக்கு வந்திருக்கும். கத்தரியை எடுக்கும் முன் நாற்பதாம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று நாள்காட்டியில் பார்க்க அதிகம் போனால் ஒரு நிமிடம் ஆகும்.

அடுத்த தவறு, கண் எண்ணிக்கை. கண் என்பது கொடியில் தளிர் கிளம்பும் மொட்டு. பன்னீர் ரகத்துக்கு நன்றாக முற்றிப் பழுப்பேறிய கொடியில் நான்கு கண் விட்டு வெட்டுவது வழக்கம். மெலிந்த கொடியில் ஒன்றிரண்டு போதும். அது காய்க்க வேண்டாம், தேறினால் சரி. ஆறு கண் விட்டால் ஆறு கொத்து என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கொத்து வரத்தான் செய்யும். ஆனால் ஒரே கொத்தில் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாக நிறம் பிடிக்காமல் நிற்கும். அதைப் பார்த்ததும் வியாபாரியின் முகம் மாறும்.

இனிச் சொல்லப்போவது பலருக்கும் புரியாத இடம், எனக்கும் நெடுநாள் புரியவில்லை. அடுத்த மகசூலின் கொத்து, அடுத்த கவாத்துக்குப் பிறகு உருவாவதில்லை. இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் தளிரின் கண்ணுக்குள், இந்த மகசூல் காயாக இருக்கும்போதே அது கருக்கொண்டுவிடுகிறது. அதற்கு வெயில் வேண்டும். பந்தல் இருண்டு கிடந்தால் அந்தக் கண்ணிலிருந்து பிறகு வெறும் இலையும் பற்றுச்சுருளும்தான் வரும். நாமோ உரத்தையும் நாற்றையும் மண்ணையும் குறை சொல்வோம். பந்தல் பச்சைப்பசேல் என்று அடர்ந்திருப்பதைச் செழிப்பு என்று நினைத்து நாங்கள் ஏமாந்த ஆண்டுகள் உண்டு. இப்போது உச்சிப்பொழுதில் பந்தலுக்கு அடியில் நின்று தரையைத்தான் பார்க்கிறேன். வெயில் பொட்டுப்பொட்டாக விழுந்தால் சரி. விழாவிட்டால் பக்கத் தளிர்களையும் பற்றுச்சுருளையும் கிள்ளி, பன்னிரண்டு முதல் பதினைந்து கணு ஆன தளிரின் நுனியையும் ஒடிக்க வேண்டும். கூலி அதிகம்தான். ஆனால் இதை விட்டால் ஒன்றல்ல, இரண்டு மகசூல் கெடும்.

மருந்து விஷயத்தில், போர்டோ கலவை அடிச்சாம்பல் நோயைத் தடுக்கும், வந்த நோயை ஆற்றாது. இலையில் எண்ணெய்ப் புள்ளி தெரிந்தபின் தெளித்துவிட்டு "மருந்து சரியில்லை" என்பதில் பயனில்லை. ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே அடித்தால் இலை கருகும். கலந்த அன்றே அடித்து முடிப்பதும், இலையின் அடிப்புறம் நனைகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். நோய் நுழைகிற வாசல் அங்கேதான்.

தண்ணீரில் இரண்டு இடங்களில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்: கவாத்துக்கு முன் பதினைந்து நாள், அறுவடைக்கு முன் ஒரு வாரம். எடை கூடும் என்று கடைசி வாரத்தில் பாய்ச்சினால் பழம் வெடிக்கும், ருசியும் நீர்த்துப்போகும்.

நிறத்தை நம்பி அறுப்பதும் கூடாது. வாழைபோலவோ மாம்பழம்போலவோ பறித்தபின் பழுக்கிற சாதியல்ல இது. கொடியில் புளித்தது கூடையிலும் புளிக்கும். கொத்தின் நுனிப் பழம்தான் கடைசியில் இனிக்கும், அதைத் தின்று பார்த்தால் தெரிந்துவிடும். வெட்டும்போது காம்பைப் பிடிக்க வேண்டும், பழத்தைத் தொடக்கூடாது. மேலே படர்ந்திருக்கும் வெண்பூச்சு பழம் தானாகப் பூசிக்கொள்ளும் மெழுகு. அதை மருந்து என்று நினைத்துத் துடைத்துத் தரச் சொல்கிறவர்களிடம் விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் தோட்டத்தின் பக்கமே போவதில்லை. காசு வந்துவிட்டது, கல்யாணம் காட்சி இருக்கிறது. ஆனால் மகசூல் கொடுத்து இளைத்த கொடி, மிச்சமிருக்கும் இலைகளைக் கொண்டுதான் தண்டிலும் வேரிலும் சத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த நாட்களில் நோய் வந்து இலை உதிர்ந்தால், அடுத்த கவாத்தில் கண்கள் ஒன்றுபோல் வெடிக்காது. எங்கள் தோட்டத்தில் கடைசிக் கூடை ஏறிய வாரமே தொழு உரம் போட்டுத் தண்ணீர் விடுகிறோம். அதன்பின் ஒரு மாதமாவது கத்தரி திண்ணை ஆணியில்தான் தொங்கும். அதை எடுக்க அப்பாவுக்கும் அனுமதியில்லை.