ரோம், பொம்பே குழுச் சுற்றுலா: முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

இத்தாலிக்குக் குழுச் சுற்றுலா போக விரும்புகிறவர்கள் முதலில் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன் பயணத் திட்டத்தின் வினைச்சொற்களைப் பாருங்கள்.

படி 1: திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள்

‘கொலோசியம் காணுதல்’ என்பது வேறு, ‘கொலோசியத்துக்குள் செல்லுதல், நுழைவுக் கட்டணம் உட்பட’ என்பது வேறு. என் முதல் பயணத்தில் இதை நான் கவனிக்கவில்லை. பேருந்து எதிர்ப்பக்கத்தில் பத்து நிமிடம் நின்றது. படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டோம். கி.பி. 80-இல் திறக்கப்பட்ட அரங்கின் வாசல் வரை போய், உள்ளே கால் வைக்காமல் திரும்பிய வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அதனால் பணம் கட்டுமுன் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உள்ளே போகிறோமா? எவ்வளவு நேரம்? அந்த இடத்தை அறிந்த உள்ளூர் வழிகாட்டி வருகிறாரா? எரிமலையில் புதைந்த பழைய ஊரான பொம்பேக்கு இரண்டு மணி நேரம்கூட ஒதுக்காத திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கிழமையையும் பாருங்கள்: வாட்டிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும்.

படி 2: விசாவும் பெயரும்

இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும்; அடையாளச் சான்றும் கேட்பார்கள். நாம் முதலெழுத்தோடு பெயர் எழுதிப் பழகியவர்கள். முன்பதிவுப் படிவத்தில் அப்படி எழுதாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் கொடுங்கள்.

படி 3: காலும் தோளும்

ரோமின் பழைய தெருக்களில் கருங்கல் பாவியிருக்கும். புதுச் செருப்பு கடிக்கும். ஒரு மாதம் போட்டு நடந்த காலணி போதும். வாட்டிகனுக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். காலி பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தெருவோர இரும்புக் குழாய்களில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகப் பீறிடும், அப்படியே குடிக்கலாம்.

படி 4: வழிகாட்டியை விடாதீர்கள்

வழிகாட்டி பேசுவதைக் கேட்கக் காதில் மாட்டும் கருவி கொடுத்ததும் ஒலி வருகிறதா என்று அங்கேயே சோதியுங்கள். வாட்டிகனில் உள்ள சிஸ்டைன் தேவாலயத்துக்குள் பேசக்கூடாது என்பதால் ஓவியங்களைப் பற்றி வழிகாட்டி வெளியிலேயே சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் கடைப்பக்கம் போனவர்களுக்கு உள்ளே ஒன்றும் விளங்காது.

ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனில் எல்லோரும் அண்ணாந்து கூரையின் வட்டத் திறப்பைப் பார்ப்பார்கள். நீங்கள் தரையையும் பாருங்கள். அந்தத் திறப்பு வழியாக மழை உள்ளே பெய்யும். தண்ணீர் வடிவதற்குப் பளிங்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன.

படி 5: பொம்பேயில் குனிந்து பாருங்கள்

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஊர் இது. தெருவின் குறுக்கே உயரமான கற்கள் வரிசையாக நிற்கும். தெருவில் ஓடும் கழிவுநீரில் கால் படாமல் மக்கள் கடந்த கற்கள் அவை. அவற்றுக்கு இடையே வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளத்தில் விரலை வைத்து ஆழம் பாருங்கள்.

அங்கே கிடைத்த சிறந்த பொருள்கள் பல, பக்கத்து நகரமான நேப்பிள்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை. ‘ரகசிய அறை’ என்ற பகுதியில் ஒரு சாண் உயரத்துக்குத் தந்தப் பெண்ணுருவம் ஒன்று உண்டு. இந்தியாவில் செதுக்கப்பட்டுக் கடல் கடந்து போனது. எரிமலை வெடித்தபோது பொம்பேயில் ஒரு வீட்டில் இருந்தது. 1938-இல் தோண்டி எடுத்தார்கள். நேரம் குறுகினால் குழு அந்த அறையைத் தாண்டிப் போய்விடும். பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள்.