கறுத்த புண்ணும் சிலந்திக் கடியும்: கடலூர், புதுச்சேரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் எழுந்ததும் உடலில் சிவந்த தடிப்பு ஒன்று தெரிந்து, ஓரிரு நாள்களில் அதன் நடுப்பகுதி கறுத்துவிட்டால், எட்டுக்கால் பூச்சி கடித்திருக்கும் என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவதுண்டு. அந்த முடிவோடு கைவைத்தியத்தில் நாள்களைக் கழிப்பதுதான் உண்மையான ஆபத்து என்பதால், சிலந்தியை அடையாளம் காண்பது எப்படி, கடித்திருந்தால் செய்ய வேண்டியவை எவை, வேறு எந்த நோய்களை முதலில் விலக்க வேண்டும் என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

சதையை அழுகச் செய்யும் சிலந்திகளில் முதன்மையானவை லாக்சோசிலிஸ் பேரினத்தைச் சேர்ந்த பழுப்புச் சிலந்திகள். அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் வாழும் ரெக்லூசா, சிலி, பெரு நாடுகளில் வாழும் லேட்டா ஆகியவை இவற்றுள் பெயர்பெற்றவை. மத்தியதரைக் கடலோரத்தைத் தாயகமாகக் கொண்ட ரூஃபெசென்ஸ் சரக்குகளோடு பல நாடுகளுக்குப் பரவியுள்ளது, இந்தியாவிலும் பதிவாகியுள்ளது. தென் பிரான்சிலும் அது காணப்படுவதால், பிரான்சில் உறவினர் உள்ள புதுச்சேரிக் குடும்பத்தினர், அங்கிருந்து வரும் பெட்டிகளையும் பழைய துணிமூட்டைகளையும் வெளியே வைத்து உதறிவிட்டு உள்ளே கொண்டுசெல்வது நல்லது. ஆயினும் இச்சிலந்தி மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை. உடைக்கோ படுக்கைக்கோ இடையில் நசுங்கும்போதுதான் பெரும்பாலும் கடிக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நால்வர் வாழ்ந்த ஒரே வீட்டில் ஆறு மாதங்களில் 2,055 ரெக்லூசா சிலந்திகள் பிடிபட்டன என்றும், ஒருவரைக்கூட அவை கடித்ததாகத் தெரியவில்லை என்றும் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரை கூறுகிறது.

அடையாளம் காண்பதற்கு முதுகில் உள்ள வயலின் வடிவக் கறையை மட்டும் நம்பக்கூடாது; அதைப் போன்ற கறை வேறு சிலந்திகளிலும் உண்டு. கண்களை எண்ணுவதே சிறந்த வழி. பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் இருக்க, இவற்றுக்கு ஆறு கண்கள் மூன்று இணைகளாக அமைந்திருக்கும். கால்களில் வரியோ தடித்த முட்களோ இல்லாமல் ஒரே நிறமாகவும், வயிற்றுப்பகுதி எந்தக் கோலமும் இன்றியும் காணப்படும். எச்சில் துப்பி இரை பிடிக்கும் சிலந்திக்கும் ஆறு கண்களே உள்ளன, ஆனால் அதன் முன்னுடல் மேடாகப் புடைத்தும் உடல் புள்ளிகளோடும் இருக்கும். நம் வீட்டுச் சுவர்களில் இரவில் ஓடும், கையகலப் பழுப்புச் சிலந்தியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது கரப்பான்களைத் தின்னும் வேட்டைச் சிலந்தி.

லாக்சோசிலிஸ் சிலந்தியின் நஞ்சில் உள்ள ஸ்பிங்கோமைலினேஸ் டி என்னும் நொதி, செல் சவ்வைச் சிதைத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைவை உண்டாக்குவதால், இரத்த ஓட்டம் தடைப்பட்ட தோல் மடிகிறது. கடித்த வேளையில் வலி தெரியாமலும் போகலாம். சில மணி நேரம் கழித்து வலி தொடங்கி, சிவந்த வளையத்தின் நடுவே வெளிறிய தோலும் அதற்குள் நீலம்பாய்ந்த புள்ளியுமாகத் தெரிந்து, பின் கறுத்த பக்குக் கட்டி, ஆறுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பலருக்கு இவ்வளவு தூரம் போகாமல் தானாகவே ஆறிவிடும். அரிதாக, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, முதல் மூன்று நாள்களுக்குள் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் நேரலாம்.

கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, மோதிரம், வளையல், மெட்டி முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைத்து எடுத்து, மீண்டும் வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் நொதியின் வேகத்தைக் கூட்டும் என்பதால் கூடாது. சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தை எழுதிவைத்தால், பரவுகிறதா என்பது மருத்துவருக்கு உடனே விளங்கும். நசுங்கிய சிலந்தியானாலும் சிறு புட்டியில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் அதைவிட நம்பகமான சான்று கிடையாது. கயிற்றால் கட்டுதல், கீறி உறிஞ்சுதல், சுண்ணாம்போ பற்பசையோ தடவுதல் ஆகியவை புண்ணை மோசமாக்குமே தவிர உதவமாட்டா. டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பாம்புக்கடிக்கான நச்சுமுறி ஊசி சிலந்தி நஞ்சுக்கு வேலை செய்யாது. சில நாடுகளில் கொடுக்கப்படும் டாப்சோன் மாத்திரையின் பயன் உறுதியாக நிறுவப்படவில்லை. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவருக்கு அது இரத்தச் சிதைவையே உண்டாக்கும் என்பதால், யாரும் கடையில் தாமாக வாங்கக்கூடாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸைப் பற்றித்தான். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் நம் பகுதியில் அதிகம் காணப்படும் இந்நோயில், புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடித்த இடத்தில் வலியில்லாத கறுத்த பக்கு தோன்றும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி எனத் துணி மறைக்கும் இடங்களிலேயே பெரும்பாலும் இருப்பதால் நோயாளியே அதைக் கவனிப்பதில்லை. காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்திருந்தால், முந்திரித் தோப்பிலோ வயல் வரப்பிலோ வேலை செய்ததையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்னும் எளிய மருந்தை உரிய காலத்தில் தொடங்கினால் இந்நோய் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படலாம். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை சரிவும் கண்டால், கடித்தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியன் கடி என்றே கருதி 108 ஆம்புலன்ஸை அழைத்து, அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ செல்ல வேண்டும். சீழ் கோத்துப் புடைத்த புண்ணும், ஒரே நேரத்தில் பல இடங்களில் தோன்றிய புண்களும் பழுப்புச் சிலந்தியின் வேலையாக இருப்பது அரிது. சர்க்கரை நோயாளிகள் இரத்தச் சர்க்கரையையும் உடனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிலந்திக் கடிதான் என்று உறுதியானாலும், மடிந்த தோலை முதல் வாரத்திலேயே வெட்டி எடுக்க அவசரப்படக்கூடாது. எல்லை தெளிந்து, புண் பரவுவது நின்ற பிறகே அறுவை தேவையா என்பதை முடிவுசெய்ய இயலும். அதுவரை கட்டு மாற்றுவதும், குழந்தையானால் முதல் மூன்று நாள்கள் சிறுநீரின் நிறத்தை ஒவ்வொரு முறையும் பார்ப்பதும் வீட்டாரின் வேலை.