காருக்குக் கூடுதல் விளக்கு மாட்டப் போகிறீர்களா? வாங்குவதிலிருந்து ஓட்டுவது வரை

இரவில் நீண்ட தூரம் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் தோன்றும்: இந்த ஹெட்லைட் பத்தாது, முன்னால் இன்னும் இரண்டு விளக்கு மாட்டிவிடலாம். எனக்கும் தோன்றியது. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த லூமன் கணக்கைப் பார்த்து மயங்கி, கூரையின் முன்விளிம்பில் நீளமான எல்.ஈ.டி. பட்டை ஒன்றை மாட்டினேன். முதல் இரவே மழை பிடித்துக்கொண்டது. மழைத்தாரை பளபளத்தது, பானெட் பளபளத்தது, சாலை மட்டும் தெரியவில்லை. ஒரே வாரத்தில் கழற்றிவிட்டேன். விளக்கின் பலத்தைப் பார்த்தேனே ஒழிய, அந்த வெளிச்சம் எங்கே போய் விழும் என்று யோசிக்கவே இல்லை. புதிதாக மாட்டப் போகிறவர்கள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பணமும் மிச்சம், கண்ணும் மிச்சம்.

முதல் படி: இருக்கிற விளக்கைச் சரிசெய்யுங்கள்

ஹெட்லைட்டின் முன்மூடி மஞ்சள் பூத்திருக்கிறதா பாருங்கள். இப்போதைய கார்களில் அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் மேற்பூச்சு கெட்டு மங்கிவிடும். தேய்த்து மெருகேற்றி, மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். காரின் முன்கண்ணாடியை உள்பக்கமாகவும் துடையுங்கள். டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி அங்கே மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பகலில் அது கண்ணுக்குப் படாது, இரவில் எதிர்விளக்கு பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். பிறகு ஹெட்லைட் சரியான உயரத்துக்கு நோக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே கூட்டில் எல்.ஈ.டி. பல்பைச் செருகும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். அந்தக் கூடு ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டு வடிவமைத்தது. ஒளி பிறக்கும் இடமோ வடிவமோ மாறினால் கதிர் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் குத்தும். உங்களுக்கும் தூரம் கூடாது.

இரண்டாம் படி: குறை தூரத்திலா, பக்கத்திலா, பனியிலா?

சின்னக் கணக்கு ஒன்று. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. எதையோ பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஒரு 35 மீட்டர். மொத்தம் எழுபதைத் தொடுகிறது. லோ பீம் தெளிவாகக் காட்டுவதோ ஏறக்குறைய 50, 60 மீட்டர். ஆளில்லாத இருட்டுச் சாலையில் இந்த இடைவெளியை அடைக்க ஹை பீம் இருக்கிறது. அதற்கும் மேலே கை கொடுப்பதுதான் டிரைவிங் லைட். குறுகிய கற்றை, நீண்ட எட்டு. இதிலேயே ஊசிபோல் நீள்வதை ஸ்பாட் என்பார்கள்.

ஃபாக் லேம்ப் வேறு சாதி. அதன் கற்றை அகலமாக, தட்டையாக, மேலே கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். பனியில் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்புவது, நீர்த்துளிகள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதால். விளக்கைத் தாழ்வாக வைத்து, மேலே ஒளியே போகாமல் வெட்டிவிட்டால், பார்வைக்கோட்டில் இருக்கும் பனி ஒளிராது. சாலை ஓரமும் கோடும் தெரியும். அதற்காக நூறு மீட்டர் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்ந்து போக உதவும், அவ்வளவுதான்.

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் மஞ்சளையும் வெள்ளையையும் அவை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நீலம் குறைவதால் கண் கூசுவது கொஞ்சம் குறையலாம், சிலருக்கு அது இதமாகவும் இருக்கும். பிரான்சில் 1936-இல் வந்த சட்டப்படி ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டியிருந்தது. 1993-இல்தான் அதைக் கைவிட்டார்கள். ஆக, மஞ்சள் பிடித்தால் வாங்குங்கள். பனிக்கு மருந்து என்று நம்பி வாங்காதீர்கள்.

வளைவுகளில் ஓரம் தெரியவில்லை என்பது உங்கள் குறை என்றால் அகலக் கற்றை விளக்கு போதும்.

மூன்றாம் படி: பெட்டியில் எதைப் படிப்பது?

லூமன் என்பது விளக்கு எல்லாத் திசையிலும் கொட்டும் ஒளியின் மொத்தம். சிலர் எல்.ஈ.டி. சில்லுகளின் ஏட்டுக்கணக்கைக் கூட்டிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். லென்ஸைத் தாண்டி வெளியே வருவது அதைவிடக் குறைவு. டிரைவிங் லைட்டுக்கு நீங்கள் தேட வேண்டியது கேண்டெலா, அதாவது ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது. 40,000 கேண்டெலா விளக்கு 200 மீட்டர் தள்ளி 1 லக்ஸ் தரும். லக்ஸ் என்பது ஓர் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு. அதே 1 லக்ஸை 400 மீட்டரில் வேண்டும் என்றால் 80,000 போதாது, 1,60,000 கேண்டெலா தேவை. தூரம் இரட்டித்தால் பலம் நான்கு மடங்காக வேண்டும் என்பது கணக்கு. "இத்தனை மீட்டர் எட்டும்" என்று போட்டிருந்தால் எத்தனை லக்ஸில் என்று கேளுங்கள். 1 லக்ஸில் சொன்னதும் 0.25 லக்ஸில் சொன்னதும் ஒன்றல்ல. 0.25 என்பது கிட்டத்தட்டப் பௌர்ணமி நிலவு வெளிச்சம்.

நிறத்துக்கு 4,000 முதல் 5,000 கெல்வின் வரை என் சிபாரிசு. 6,000-க்கு மேல் போனால் நீலம் ஏறி, மழையிலும் தூசியிலும் கண்ணுக்குத் தொந்தரவு. தூசி, தண்ணீர் தாங்க ஐ.பி. 67 இருக்கட்டும். முதல் எண் 6 தூசி புகாது என்பதற்கு, 7 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு. விளக்கின் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருந்தால் அது ஐக்கிய நாடுகள் விதிமுறைப்படி ஒப்புதல் பெற்றது.

ஹாலஜனா, எல்.ஈ.டி.யா? மின்சாரம் குறைவாக எடுப்பதால் இன்று எல்.ஈ.டி.தான் என் தேர்வு. பின்பக்கம் கனமான உலோகத் துடுப்புகள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். சூடு ஏறினால் எல்.ஈ.டி. மங்கும். வெண்பனி கொட்டும் இடங்களில் மட்டும் ஹாலஜனுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதன் சூடு கண்ணாடியில் ஒட்டும் பனியை உருக்கிவிடும்.

நான்காம் படி: எங்கே மாட்டுவது?

முன்பம்பர் உயரம்தான் நல்ல இடம். ஃபாக் லேம்ப் அதைவிடத் தாழ்வாக. ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காதீர்கள். கிரில்லுக்குப் பின்னாலோ பம்பரிலோ ரேடார், பார்க்கிங் சென்சார் இருந்தால் அவற்றின் முன்னால் எதுவும் வரக் கூடாது. பிராக்கெட்டை வெறும் பிளாஸ்டிக்கில் மாட்டினால் ஒளி நடுங்கிக்கொண்டே இருக்கும், பார்க்கிற கண் சோர்ந்துவிடும். உலோகச் சட்டத்தில் பிடியுங்கள். கூரை வேண்டாம் என்பதைத்தான் மேலே என் கதையாகவே சொல்லிவிட்டேன்.

துளை போடும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். எத்தனை விளக்கு, எந்த உயரம், எந்த நிறம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

ஐந்தாம் படி: ஒயரிங்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹெட்லைட் ஒயரிலிருந்தே நேராக ஒரு கிளை எடுத்து விளக்குக்குக் கொடுப்பது சுலபம்தான். ஆனால் அந்த ஒயரும் ஸ்விட்சும் ஹெட்லைட்டுக்கு மட்டும் கணக்கிட்டவை. அப்படி இழுத்திருந்த ஒரு பழைய காரில் இன்சுலேஷன் உருகிச் செம்பு தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரியான வழி ரிலே. சின்ன மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கதவு அது. நான்கு கால்களிலும் எண் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரியின் பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாக. 87-லிருந்து விளக்குகளுக்கு. 85 எர்த்துக்கு. 86-க்கு ஹை பீம் ஒயரிலிருந்து ஒரு மெல்லிய இணைப்பு, நடுவே டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச். இப்படிச் செய்தால் நீங்கள் டிம் அடித்த கணமே கூடுதல் விளக்கும் தானாக அணையும். ஃபாக் லேம்ப் என்றால் 86-ஐ ஹை பீமுக்குப் பதில் பார்க்கிங் விளக்கின் ஒயரோடு சேருங்கள்.

அளவுகள்: 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. அதனால் அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கம் வைத்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும். மெல்லிய ஒயர் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். ஹாலஜனில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள், பிறகு துரு பிடிக்காமல் மேலே கிரீஸ். ஒயரை நெளிகுழாயில் நுழைத்து, சைலன்சர் குழாய்க்கும் விசிறிக்கும் எட்டாமல் கட்டுங்கள். விளக்குகளைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் புதிய காரானால் ஒயரை வெட்டாதீர்கள். அந்த மாடலுக்கென்றே வரும் ஒயரிங் கிட் வாங்குங்கள், இல்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஆறாம் படி: கற்றை விழும் திசையைச் சரிபார்த்தல்

டயர் காற்று சரியாக இருக்கட்டும், வழக்கமாக ஏறும் ஆளும் சுமையும் காரில் இருக்கட்டும். பின்னால் எடை ஏறினால் மூக்கு தூக்கும், கற்றையும் தூக்கும். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். ஒரு விளக்கை அட்டையால் மறைத்துவிட்டு மற்றதைத் திருப்புங்கள்.

டிரைவிங் லைட்டின் பிரகாசமான நடுப்பகுதி டேப்பின் மீதோ ஒரு விரல் கீழேயோ விழ வேண்டும். ஃபாக் லேம்பின் மேல்வெட்டு டேப்புக்கு 20 செ.மீ. கீழே. 60 செ.மீ. உயரத்தில் மாட்டிய விளக்கின் வெட்டு அப்போது 30 மீட்டரில் தரையைத் தொடும். பனிக்கு அது போதும்.

ஏழாம் படி: ஓட்டும்போது

டிரைவிங் லைட் ஹை பீமோடு சேர்ந்து மட்டும். எதிரே வண்டி கண்ணில் பட்ட பிறகு அல்ல, மேட்டுக்கு அப்பால், வளைவுக்கு அப்பால் ஒளி தெரியும்போதே டிம் அடியுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் அதே மரியாதை. உங்கள் வெளிச்சம் அவர் கண்ணாடிகளில் தெறிக்கும். பலத்த மழை, தூசி, பனி என்றால் டிரைவிங் லைட்டை அணைத்துவிடுங்கள்.

பலர் நம்ப மறுக்கும் ஒன்று: தெளிவான இரவில் ஃபாக் லேம்ப் எரிந்தால் தூரம் குறைவாகத்தான் தெரியும். காரின் மூக்குக்கு முன்னால் தரை பளிச்சென்று இருக்கும்போது கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, தூரத்து இருட்டைப் பிரித்தறியும் திறன் குறைகிறது. மனதுக்கு மட்டும் "எல்லாம் நன்றாகத் தெரிகிறது" என்று இருக்கும். ஆளில்லாத நேரான சாலையில் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள், புரியும்.

மாட்டி ஒரு மாதம் ஆனதும் பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். முதல் மாத அதிர்வில் கொஞ்சம் தளரலாம். தளர்ந்திருந்தால் இறுக்கினால் மட்டும் போதாது, சுவரில் அந்த டேப்பை இன்னொரு முறை ஒட்ட வேண்டியிருக்கும்.