சாய்ச்சா ஸ்டார் உருண்டு குடிலுக்கு வர்ற கிறிஸ்துமஸ் கார்டு

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கமெல்லாம் டிசம்பர் பொறந்துட்டா வீட்டுக்கு வீடு ஸ்டார் தூக்கிருவாங்க, கார்டு மட்டும் வாட்ஸப்போட போச்சு. 1843ல லண்டன்ல ஹென்றி கோல் அடிச்ச முதல் கிறிஸ்துமஸ் கார்டுல படம் சும்மா இருக்கும், நாம செய்யப்போறதுல கார்டை சாய்ச்சா ஸ்டார் சுத்திக்கிட்டே உருண்டு குடில் மேல போயி நிக்கும். சின்னப்பிள்ளைய கையில குடுத்தா திரும்ப வாங்க முடியாது.

வேண்டியது: 300 ஜிஎஸ்எம் அட்டை, ரெண்டு ஒரு ரூபா காசு, 2 மி.மீ. கனத்துல ரெண்டு பக்கமும் ஒட்டுற ஃபோம் டேப், கட்டர், க்ளூ ஸ்டிக், முகத்துக்கு போடுற பவுடர். சார்ட் பேப்பர் வேண்டாம், வளையும். பழைய கல்யாண கார்டு கனமா இருந்தா அதுவும் கொள்ளாம். ஃபெவிகாலை அள்ளி தேய்ச்சீங்கன்னா ஈரத்துல அட்டை நெளிஞ்சிரும், க்ளூ ஸ்டிக்தான் என் கட்சி.

ஏ5 அட்டையை ரெண்டா மடிச்சு வச்சிருங்க, அது அடி கார்டு. மேல ஒட்ட 14க்கு 10 செ.மீ. துண்டு ஒண்ணு வெட்டி, குடில், பனைமரம், ஆடுன்னு மனசுபோல வரைங்க. இடது மேல்மூலையில இருந்து குடில் கூரை வரைக்கும் சரிவா ஒரு கோடு, அதுதான் ஸ்டார் ஓடுற தடம். கோட்டு மேல 8 மி.மீ. அகலத்துல ஒரு சந்து (நீள ஓட்டை) வெட்டணும், ஓரத்துல இருந்து 2 செ.மீ. உள்ள தள்ளியே இருக்கட்டும், இல்லன்னா காசு இடிக்கும். அடியில பழைய காலண்டர் அட்டை வச்சு புது பிளேடுல வெட்டுங்க. பிசிறு இருந்தா நகம் தேய்க்கிற அரத்தால லேசா தேய்ச்சு விடுங்க.

இனிதான் எல்லாரும் மாட்டுற இடம். ஃபோம் டேப்புல 6 மி.மீ. வட்டமா ஒரு பொட்டு வெட்டி, ஒரு காசோட சரி நடுவுல ஒட்டுங்க. அந்த பொட்டோட பக்கவாட்டுலயும் பசை கசியும், அப்படியே மாட்டினா சவம் நகரவே செய்யாது. அதனால மேல் தாளை உரிக்காம விரல்ல பவுடர் தொட்டு சுத்திலும் தடவுங்க, சந்தோட ஓரத்துலயும் தடவுங்க. அப்புறமா தாளை உரிச்சு, அட்டைக்கு பின்னால இருந்து பொட்டை சந்துக்குள்ள விட்டு, முன்னால இன்னொரு காசை வச்சு அமுக்குங்க. ரெண்டு காசும் நேருக்கு நேரா இருக்கணும், கோணினா விக்கி விக்கித்தான் போகும். இப்பவே சாய்ச்சு பாருங்க, ஒட்டினப்புறம் உள்ள கை போகாது.

ஓடுச்சுன்னா அட்டைக்கு பின்னால நாலு ஓரமும் ஃபோம் டேப் ரெண்டு அடுக்கா ஒட்டி அடி கார்டு மேல வைங்க. ஒரு அடுக்குன்னா பின் காசு உரசும். கடைசியா முன் காசு மேல 3 செ.மீ. ஸ்டாரை ஒட்டுங்க. ஜிகினா தூள் வேண்டவே வேண்டாம், உதிர்ந்து சந்துல போய் அடைச்சுக்கும், கோல்டன் பேப்பர் போதும்.

பிறகு சேர்த்தது: வளைகுடாவுல இருக்கவங்களுக்கு தபால்ல அனுப்பலாமான்னு கேக்காங்க. வெளிநாட்டு சாதா தபால்ல காசு வச்சு அனுப்பக்கூடாது. காசுக்கு பதிலா ஹார்டுவேர் கடையில எம்10 வாஷர் ரெண்டு வாங்குங்க, 20 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம். நடு ஓட்டை மேல ரெண்டு பக்கமும் வட்டமா அட்டை ஒட்டிட்டு பொட்டு வைங்க. கனம் கூடும்கிறதால ஓரத்துக்கு ஃபோம் மூணு அடுக்கு போடுங்க. ஸ்டார் வழியில ஆடாம இருக்க முன்னால ஒரு துண்டு அட்டையை வச்சு, கவர்ல போட்டு ஒட்டிருங்க.