மைட்ரல் வால்வு ரிப்பேர்: ஆபரேஷன் தியேட்டர் எக்கோவில் செய்யக்கூடாத தவறுகள்

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்களோடு இருக்கும் மைட்ரல் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிவதுதான் லீக். அதைச் சரிசெய்யும் அறுவையின்போது உணவுக்குழாய் வழியே இறக்கும் எக்கோ (அல்ட்ராசவுண்ட்), அந்த நிமிடத்து ரத்த அழுத்தத்தில் வால்வு எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டுமே காட்டும். இதை மறப்பதால்தான் பல தவறுகள் நேர்கின்றன.

மயக்கம் கொடுத்த கையோடு லீக்கை அளப்பது முதல் தவறு. மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடுவதால், சிஸ்டாலிக் அழுத்தம் 90-க்கு இறங்கி, நேற்று கடுமையாக இருந்த லீக் இன்று மிதமாகத் தெரியலாம். மாரடைப்புக்குப் பின் வரும் லீக்கில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். ஃபினைலெஃப்ரின் (ரத்தக்குழாய்களை இறுக்கும் மருந்து) கொடுத்து, நோயாளியின் வழக்கமான அழுத்தத்துக்குக் கொண்டுவந்தபின் அளக்கவும். லீக் எவ்வளவு என்பதற்கு முந்தைய எக்கோவையே நம்பலாம். எந்த இதழில், ஏன் என்பதைத் தியேட்டரில் தேடுங்கள்.

ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரின் நைக்விஸ்ட் அளவு (நிறம் குழம்பாமல் காட்டும் உச்ச வேகம்) நொடிக்கு 50–60 செ.மீ. இருக்கட்டும். குறைத்தால் சின்ன லீக்கும் பூதாகரமாகத் தெரியும். மாறாக, ஏட்ரியச் (மேலறைச்) சுவரை ஒட்டி ஓடும் லீக் உள்ளதைவிடச் சிறியதாகவே தோன்றும். அங்கே நிறத்தின் பரப்பை நம்பாமல் லீக்கின் கழுத்துப் பகுதியின் (அது மிகக் குறுகும் இடத்தின்) அகலத்தை அளக்கவும்; 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. ஒரே கோணத்தில் நின்றுவிடவும் கூடாது: 0, 60, 90, 120 டிகிரி நான்கையும் பார்த்தால்தான் பின் இதழின் எந்தப் பகுதி பிதுங்குகிறது என்று உறுதியாகும்.

ரிப்பேருக்கு முன்பே இன்னொன்றை அளந்து சொல்லியிருக்க வேண்டும்: இதழ்கள் சேருமிடத்துக்கும் செப்டத்துக்கும் (கீழறைகளைப் பிரிக்கும் சுவருக்கும்) உள்ள தூரம். அது 2.5 செ.மீ.க்குக் குறைந்து, பின் இதழும் 1.5 செ.மீ.க்கு மேல் உயரமாக இருந்தால், ரிப்பேருக்குப் பின் முன் இதழ் இழுபட்டு அயோர்டா (உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனி) வாசலை அடைக்கும் வாய்ப்பு கூடும். பம்பிலிருந்து (இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து) விலகியதும் அழுத்தம் சரியும். இதயம் சோர்ந்துவிட்டது என்று நினைத்து அட்ரினலின் ஏற்றுவார்கள். அடைப்பு இறுகும், லீக் பெருகும். இதைவிட ஆபத்தான தவறு இந்தப் பட்டியலில் இல்லை. செய்ய வேண்டியது நேர்மாறு: அட்ரினலினை நிறுத்தி, திரவம் ஏற்றி, ஃபினைலெஃப்ரின் கொடுத்து, தேவைப்பட்டால் எஸ்மோலால் கொண்டு துடிப்பைத் தணிப்பது. அப்போதும் அடங்காவிட்டால்தான் மீண்டும் பம்ப்.

கடைசிச் சோதனையை புரோட்டமினுக்கு (ரத்தம் உறையாமல் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கும் மருந்துக்கு) முன்பே முடித்துவிடுங்கள். பம்புக்குத் திரும்பிப் போக அப்போதுதான் எளிது. வால்வின் சராசரி கிரேடியன்ட் (இருபுற அழுத்த வேறுபாடு) 5 மி.மீ. மெர்க்குரியைத் தாண்டினால் ரிங் (வால்வைச் சுற்றித் தைத்த வளையம்) சிறிதோ என்று சந்தேகிக்கலாம், ஆனால் வேகமான இதயத்துடிப்பும் அந்த எண்ணை உயர்த்தும். பிரஷர் ஹாஃப் டைமை (அந்த வேறுபாடு பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை) இந்த நேரத்தில் நம்ப வேண்டாம்.

இதயச் சுவர் அசைவைப் பார்க்காமல் புரோபை (எக்கோ குழாயை) உருவாதீர்கள். கீழ்ச்சுவரும் வலது வென்ட்ரிக்கிளும் (கீழறையும்) மந்தமானால் பெரும்பாலும் வலது கரோனரியில் (இதயத்துக்கே ரத்தம் தரும் தமனியில்) புகுந்த காற்று. அழுத்தத்தை உயர்த்திக் காத்திருந்தால் பொதுவாகத் தெளியும். பக்கச்சுவர் மந்தமானால் ரிங் தையல் சர்க்கம்ஃபிளெக்ஸ் தமனியை (இடது கரோனரியின் கிளையை) மடக்கியிருக்கலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது.