பெற்றோர் பணத்துக்குப் பூட்டு: போனிலும் வங்கியிலும் செய்ய வேண்டியவை

"ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்கம்மா" என்று எத்தனை முறை சொல்லி வைத்தாலும், வீடியோ காலில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் உறுமும்போது அது ஞாபகம் வராது. வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டுகிறார்களே, அந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவுமே இல்லை. ஆனால் பயந்து நடுங்குகிறவரிடம் சட்டம் பேசிப் பயனில்லை. பதறிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாலும் பெரிய தொகை போகாதபடி முன்கூட்டியே கட்டி வைப்பதுதான் இங்கே வேலை.

1. கணக்கைப் பிரியுங்கள்

ஜிபே, போன்பே எதுவானாலும் அதில் இணைத்த கணக்கில் ஒரு மாதச் செலவுக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சமெல்லாம் வேறு கணக்கில்.

பலரும் சறுக்குவது இங்கேதான். அதே வங்கியில், அதே மொபைல் நம்பரில் இரண்டாவது கணக்கைத் திறந்துவிட்டுப் பிரித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நெட்பேங்கிங்கில் ஒரே லாகினில் இரண்டும் தெரியும். யுபிஐ செயலியும் அந்த நம்பரில் உள்ள கணக்கைத் தேடி எடுத்துக்கொடுக்கும். "டெபிட் கார்டே வாங்கவில்லையே" என்பதும் போதாது. ஆதார் ஓடிபி வைத்தே யுபிஐ பின் அமைக்கும் வசதி இருக்கிறது.

எனவே வங்கியும் வேறு, நம்பரும் வேறு. அந்த நம்பர் சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு அலமாரியில் வையுங்கள். யாருக்கும் தெரியாத நம்பருக்கு மோசடிக்காரன் கூப்பிடும் வாய்ப்பு குறைவு, ஏபிகே கோப்பும் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) பட்டன் போனில் ஓடாது. ரீசார்ஜை மட்டும் மறக்காதீர்கள். நீண்ட நாள் விட்டால் அந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

இன்னும் இறுக்கமாக வேண்டுமா? கணக்கைப் பிள்ளையோடு சேர்த்து ஜாயின்ட் கணக்காக்கி, இயக்கும் முறையில் 'ஜாயின்ட்லி' என்று எழுதுங்கள்; இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். வழக்கமாக வங்கியில் நிரப்பித் தரும் 'எய்தர் ஆர் சர்வைவர்' வேண்டாம். அதில் ஒருவர் கையெழுத்தே போதும். ஜாயின்ட்லிக்கு ஒரு சிக்கல் உண்டு: இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவர் தனியாகப் பணம் எடுக்க முடியாது. ஆகவே மாதச் செலவுக் கணக்குக்கு இது ஆகாது, சேமிப்புக்கு மட்டும். நாமினி பெயரையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

2. ஏபிகே நுழையும் வாசல்

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், கரன்ட் பில் என்ற பெயரில் வாட்ஸப்பில் வரும் ஏபிகேயை நிறுவினால், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி எல்லாம் மோசடிக்காரனுக்கும் போகும். போனின் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். இந்த அனுமதி மொத்தப் போனுக்கும் ஒன்றல்ல, செயலிக்குச் செயலி தனி. குரோமில் மூடிவிட்டு வாட்ஸப்பிலும் ஃபைல் மேனேஜரிலும் திறந்தே விடுவதுதான் வழக்கமான தவறு. பட்டியல் முழுவதையும் இறங்கிப் பார்த்து எல்லாவற்றையும் அணையுங்கள்.

அடுத்து, எஸ்எம்எஸ் அனுமதி, நோட்டிஃபிகேஷன் அனுமதி, ஆக்ஸஸிபிலிட்டி (திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும்) அனுமதி மூன்றும் எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பாருங்கள். பெயர் தெரியாதது இருந்தால் அனுமதியைப் பிடுங்கிவிட்டுச் செயலியை நீக்குங்கள். திரையைப் பகிரும் ரிமோட் செயலிகள் பெரியவர்கள் போனில் இருக்கவே வேண்டாம். "தூரத்திலிருந்து நான் சரிசெய்து கொடுக்கத் தேவைப்படுமே" என்பார்கள் பிள்ளைகள். அதே கதவு வழியாகத்தான் திருடனும் வருகிறான்.

3. சின்னச் சின்னப் பூட்டுகள்

வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி ஆகியவற்றை அணையுங்கள். தட்டிச் செலுத்தினால் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது.

ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். கைரேகை வைத்து ஆதார் வழியாகப் பணம் எடுப்பதற்கு ஓடிபி தேவையில்லை என்பதால் இது அவசியம். பூட்டிய பின் ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்பார்கள். பென்ஷன்காரர்களுக்கு ஆயுள் சான்றிதழ் எடுக்கும்போதும் இதே தொல்லை. போகுமுன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

மறதி தொடங்கிவிட்டவர்களுக்கு, ஒருவர் கணக்கை இன்னொருவர் பயன்படுத்தவிடும் யுபிஐ சர்க்கிள் வசதி நல்லது. பணம் பிள்ளையின் கணக்கிலிருந்து போகும். பகுதி அனுமதி முறையில் ஒவ்வொரு செலவுக்கும் பிள்ளை பின் போட்டால்தான் நகரும். முழு அனுமதியில் மாதம் 15,000 ரூபாய்க்குள் அவர்களே செலவழிக்கலாம். கடையில் வரிசையில் நின்று பிள்ளையின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது பெரியவர்களுக்கு எரிச்சல்தான். ஆனாலும் மறதி உள்ளவர் என்றால் பகுதி அனுமதிதான் சரி.

4. போய்விட்டால்

வேறு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பாதிக்கப்பட்ட போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வையுங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு. புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள்.

மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதி அப்படிச் சொல்லவில்லை. தவறு நம்முடையதும் வங்கியுடையதும் அல்லாதபோதுதான் அந்த மூன்று நாள் சலுகை. யுபிஐ பின் எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

பிற்சேர்க்கை: புகார் கொடுத்த சில நாளில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று அழைப்பு வரலாம். அதுவும் அதே கூட்டம்தான்.