இசியூவை மாற்றும் முன் அதற்கு வரும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்

எஞ்சின் விளக்கு எரிந்தவுடன் ஸ்கேனரைச் செருகுவது, அதில் வந்த பழுதுக் குறியீட்டைப் பார்த்து ஒரு சென்சாரை வாங்கி மாட்டுவது, விளக்கு மறுபடி எரிந்தால் ‘இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டது’ என்று சொல்லிவிடுவது. என் தொழிலில் எனக்கு அறவே பிடிக்காத பழக்கம் இது. பழுது என்று என் மேசைக்கு வந்த இசியூக்களில் பெரும்பாலானவை நன்றாகவே வேலை செய்தன.

இசியூவுக்குத் தெரிந்ததெல்லாம் மின்சமிக்ஞைகள்தான். பல சென்சார்களுக்கு அது 5 வோல்ட் அனுப்புகிறது. திரும்பி வருவதை அளந்து, உள்ளே பதிந்துள்ள அட்டவணையில் தேடி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது, தீப்பொறியை எப்போது விடுவது என்று முடிவு செய்கிறது. தவறான அளவு உள்ளே போனால் தவறான பெட்ரோல் வெளியே வரும்.

வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகளைப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டின் வெப்பநிலையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் சில டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் பெரும்பாலும் கனெக்டர் கழன்றிருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். அது எளிது. எஞ்சின் 90 டிகிரியில் ஓடும்போது 60 என்று காட்டும் சென்சார்தான் ஆளை அலைக்கழிக்கும். 60 நம்பத்தகுந்த எண் என்பதால் குறியீடு வராமலே போகலாம். பெட்ரோல் மட்டும் கூடுதலாகச் செலவாகும்.

அடுத்தது ஃபியூயல் ட்ரிம். இதற்கு நேரம் கொடுங்கள். பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிலோவுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, பெட்ரோல் அளவில் இசியூ செய்யும் திருத்தம்தான் ட்ரிம். குறுகிய கால, நீண்ட கால ட்ரிம்களைக் கூட்டினால் பூச்சியத்திலிருந்து 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பி0171 என்ற குறியீடு வந்திருந்தால், அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்றால், ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றாதீர்கள். அது தன் வேலையைச் செய்துதான் அந்தச் செய்தியைச் சொல்கிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, ட்ரிம் ஏறியிருந்து, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால், எங்கோ காற்று கசிந்து உள்ளே வருகிறது, ஹோஸ்களைத் தேடுங்கள். வேகமும் பாரமும் கூடும்போது ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றோட்ட சென்சார் பக்கம் போங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார்கள் மேல் குறியீடு வருகிறதா? பொதுவான 5 வோல்ட் வயரை மல்டிமீட்டரில் அளங்கள். குறைந்திருந்தால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதற்குள்தான் ஷார்ட். எதைக் கழற்றியும் திரும்பாவிட்டால் வயரிங்கைப் பாருங்கள்.

கடைசியாக எர்த். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் ஃபேனும் ஓட, பேட்டரி நெகட்டிவுக்கும் இசியூவின் எர்த் முனைக்கும் இடையே அளங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்து, பேட்டரி மின்சாரமும் இசியூவுக்குச் சரியாகச் சென்று, அது இன்ஜெக்டருக்கோ, தீப்பொறி தரும் காயிலுக்கோ கட்டளை அனுப்பவில்லை என்றால் மட்டும் புதியதைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் இம்மொபிலைசருடன் (வண்டியின் திருட்டுத் தடுப்பு அமைப்பு) அதை இணைத்துப் பதிவு செய்ய யாரால் முடியும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.